இடுப்பு வலிக்குக் கத்தி எதற்கு?

விழுப்புரத்தை அடுத்து, பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். தேவாரப் பாடல் பெற்ற தலம். பசுக்கள் சிவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற இடம் என்று தலபுராணம் சொல்கிறது. இங்குள்ள அபிராமேசுவரர் கோயிலோடு இரண்டு புலவர்களின் நினைவும் சேர்ந்தே இருக்கிறது.

ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவரின் தோள்மீது கால் நடக்காதவர் ஏறிக்கொள்வார். மேலே இருப்பவர் வழி சொல்வார். கீழே இருப்பவர் நடப்பார். இப்படியே ஊர் ஊராகச் சென்று பாடிப் புகழ் பெற்றார்கள் என்பது கர்ண பரம்பரைக் கதை. 'இரட்டையர்' என்று தமிழ் உலகம் அவர்களை அழைக்கிறது. 'திருவாமாத்தூர்க் கலம்பகம்' அவர்கள் பாடியதே.

அவர்களுடைய தமிழை வியக்காதவர் இல்லை. ஆனால், ஓர் ஆளைச் சுமந்துகொண்டு காத வழி நடந்த அந்த முதுகை யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா?

இன்றைக்கு ஆளைச் சுமக்க வேண்டாம். குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலே பலருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நிமிர முடிவதில்லை. வயலில் நாற்று நடும் பெண், கரும்பு வெட்டும் ஆள், நெல் மூட்டை தூக்கும் தொழிலாளி, பஸ் ஓட்டும் டிரைவர், நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் குமாஸ்தா - யாரையும் இந்த வலி விட்டுவைப்பதில்லை.

"என்னக்கா, இடுப்பைப் பிடிச்சிக்கிட்டே நடக்கிறீங்க?"

"டிஸ்க் நகர்ந்திடுச்சாம் தம்பி. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. தாலிக்கொடியை அடகு வெச்சாத்தான் ஆகும்."

கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதற்கு முன் அந்தக் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இடுப்பு வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கத்தியே தேவையில்லை என்பதுதான் அது.

உலகம் முழுவதும் இதே பாடு

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதனை வேலைக்குப் போக முடியாமல் முடக்கிப் போடும் காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு, "இன்ன எலும்பு கெட்டது, இன்ன நரம்பு நசுங்கியது" என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. தசைகளும், எலும்புகளைப் பிணைத்து நிற்கும் தசைநார்களும், சிறு மூட்டுகளும் அயர்ந்துபோய்ச் செய்யும் முறையீடு என்று அதைச் சொல்லலாம். வலி பொய்யல்ல, ஆனால் ஆபத்தானதும் அல்ல.

நுங்கைப் போன்ற டிஸ்க்

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்ட கோபுரம் அது. கழுத்தில் ஏழு, மார்புக்குப் பின்னால் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இந்த அடுக்கின் நடுவே ஓடும் குழாய்க்குள் தண்டுவடம் பத்திரமாக இருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் கடைசியில் வந்து இறங்குவது இடுப்பில் உள்ள ஐந்து எலும்புகளின் மேல்தான்.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். பனை மரம் நிறைந்த விழுப்புரம் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். டிஸ்க் ஒரு நுங்கைப் போன்றது. வெளியே உறுதியான தோல். உள்ளே கொழகொழப்பான சதை. வெளித்தோல் நைந்து, உள்ளே இருப்பது பிதுங்கி, பக்கத்தில் உள்ள நரம்பைத் தொட்டால், பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல வலி ஓடும். இதைத்தான் 'சயாடிகா' என்கிறார்கள். டிஸ்க் 'நகர்ந்துவிட்டது' என்பது பேச்சு வழக்கு. உண்மையில் டிஸ்க் இடம் விட்டு இடம் ஓடுவதில்லை, பிதுங்குகிறது, அவ்வளவே.

டிஸ்க் பிதுங்கினால் சயாடிகா வரும் என்பதை 1934-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் விளக்கினார்கள். ஆபரேஷன் செய்து பிதுங்கிய பகுதியை எடுத்தும் காட்டினார்கள். அது மருத்துவத்தில் ஒரு பெரிய முன்னேற்றம். ஆனால், அதன் பிறகு இடுப்பு வலி என்றாலே டிஸ்க்தான் என்று நினைக்கும் வழக்கமும் வளர்ந்துவிட்டது.

ஸ்கேன் காட்டும் பூச்சாண்டி

1994-ல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. இடுப்பு வலியே இல்லாத 98 பேரைக் கூட்டி வந்து, அவர்கள் முதுகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு என்ன தெரியுமா? நூற்றுக்கு 52 பேருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது! எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்கும் வலி இல்லை.

தலை நரைப்பது போல, வயதானால் டிஸ்க்கும் தேயும். நரைத்த தலை நோயில்லை. தேய்ந்த டிஸ்க்கும் எப்போதும் நோயில்லை. ஆகையால், ஸ்கேன் படத்தில் உள்ளதை மட்டும் பார்த்து ஒருவர் கலங்க வேண்டியதில்லை. படமும், வலியும், டாக்டர் கையால் சோதித்துக் கண்டதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முறை.

20 கிலோவும் 23 பங்கும்

வலி ஏன் வருகிறது? காரணங்களில் முக்கியமானது, முதுகைப் பயன்படுத்தும் விதம்.

1999-ல் ஜெர்மனியில் வில்க்கே என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், தாமாக முன்வந்த ஒருவரின் டிஸ்க்குக்குள் அழுத்தம் அளக்கும் சிறு கருவியைச் செலுத்தி அளந்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது டிஸ்க்கில் உள்ள அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது அது ஐந்து பங்கு. முன்னால் குனிந்து நின்றால் பதினொரு பங்கு. முதுகை வில்லாக வளைத்து 20 கிலோவைத் தூக்கினால் 23 பங்கு! அதே எடையை முழங்காலை மடக்கித் தூக்கினால் 17 பங்காகக் குறைந்தது. தூக்கிய எடையை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றபோது பதினொன்றுதான்.

20 கிலோவுக்கே இந்தக் கணக்கு. 75 கிலோ நெல் மூட்டை தூக்குகிறவர் நிலை என்ன? காலை முதல் மாலை வரை குனிந்தபடியே நாற்று நடும் பெண்ணின் நிலை என்ன? 1967-லேயே சர்வதேசத் தொழில் நிறுவனம், ஓர் ஆண் தொழிலாளி தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை நினைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

பாரம் மட்டுமே குற்றவாளி அல்ல. ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்காருவது, தேகப்பயிற்சி இல்லாமை, அதிக எடை, புகைப் பழக்கம், தூக்கமின்மை, மனக்கவலை - இவையும் இடுப்பு வலிக்குத் துணை போகின்றன. கடன் கவலை உள்ளவனுக்கு வலி கூடுதலாகத் தெரிவது கற்பனை அல்ல; கவலைப்படும் மூளை வலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

படுக்கை நண்பன் அல்ல

இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் எல்லாரும் சொல்லும் யோசனை: "அசையாமல் படு." இது சரியா?

1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில், திடீர் இடுப்பு வலி கண்ட 186 நகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கையில் இருந்தனர். இன்னொரு பிரிவினர் முதுகுப் பயிற்சி செய்தனர். மூன்றாம் பிரிவினர், வலி தாங்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தனர். முதலில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர்! கடைசியாகத் தேறியவர்கள் படுத்திருந்தவர்கள்.

காரணம் எளிது. டிஸ்க்குக்கு நேரே இரத்த ஓட்டம் கிடையாது. அசையும்போது, பஞ்சு நீரை உறிஞ்சுவது போல, சுற்றியிருக்கும் இடத்திலிருந்து அது சத்தை ஏற்கிறது. தசைகளோ, வேலை கொடுக்காவிட்டால் சில நாட்களிலேயே தளர்ந்துவிடும். தாங்க முடியாத வலி என்றால் ஓரிரு நாள் அவ்வப்போது படுக்கலாம். அதற்கு மேல் படுக்கை பகையாகிறது.

கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. 2003-ல் ஸ்பெயின் தேசத்தில் 313 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியில், மிகவும் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே வலியைக் குறைத்தது.

கத்தியில்லாத வழிகள்

2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், நீடித்த இடுப்பு வலிக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சை முறைகளை வகுத்து வெளியிட்டது. தேகப்பயிற்சி, நோயைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் பிசியோதெரபி, மசாஜ், வலியைப் பற்றிய அச்சத்தைப் போக்கும் மனநல ஆலோசனை, தேவையானால் டாக்டர் யோசனைப்படி வலி மாத்திரை - இவை பயன் தரும் என்று அது கூறுகிறது. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும், அபின் வகை வலி மருந்துகளையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

எல்லாவற்றிலும் மலிவான மருந்து நடை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த சோதனை இதைக் காட்டியது. இடுப்பு வலி வந்து குணமானவர்கள் இவர்கள். பாதிப் பேர் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள்; வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்பது இலக்கு. மற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை. நடக்காதவர்களுக்கு நடுத்தரமாக 112 நாளில் வலி திரும்பியது. நடந்தவர்களுக்கோ 208 நாள் ஆயிற்று. காசு செலவில்லை, செருப்பு மட்டும் தேய்ந்தது!

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் சில:

மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மெதுவாக மார்பை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பிறகு மற்றக் கால்.

மல்லாந்தபடி இரு முழங்காலையும் மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். இது பிட்டத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பலம் தரும்.

கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பூனை முதுகை வளைப்பது போல மேலே வளைத்து, பிறகு கீழே தாழ்த்துங்கள்.

குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துங்கள்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறையில் தொடங்கி, நாளடைவில் கூட்டலாம். செய்யும்போது இலேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். வலி காலுக்குள் இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள்.

பாட்டி காலத்து வைத்தியத்திலும் உண்மை உண்டு. உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடமும், வெந்நீர் ஒத்தடமும் தசைப் பிடிப்பைத் தளர்த்தும். ஆனால், தாயின் வயிற்றிலிருந்து காலோடு பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பை மிதிக்கச் சொல்வது வேண்டாம். வயதான பெண்களின் எலும்பு, சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, உளுத்த மரம் போல ஆகியிருக்கலாம். ஒரு மிதியில் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

கடையில் கேட்டு வாங்கும் பெயர் தெரியாத மாத்திரைகளும் வேண்டாம். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிற்றில் புண் வரும். வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சென்னை உலகுக்குக் காட்டிய வழி

இடுப்பு வலி என்ற போர்வைக்குள் சில வேளை காசநோயும் ஒளிந்திருக்கும். நுரையீரலை மட்டுமல்ல, முதுகெலும்பையும் அது அரிக்கும். வலியோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை ஆகியவை இருந்தால் சந்தேகிக்க வேண்டும்.

முன்னாளில் இந்த நோயாளிகளை மாதக் கணக்கில் படுக்கையில் கிடத்தி, உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போடுவார்கள். அல்லது பெரிய ஆபரேஷன் செய்வார்கள். கொரியாவில் நடந்த ஆராய்ச்சிகளில், சரியான மருந்து கொடுத்தால் படுக்கையும் மாவுக்கட்டும் கூடுதலாக எந்தப் பயனும் தருவதில்லை என்று தெரிந்தது.

அடுத்த கேள்வி: ஆபரேஷனாவது தேவையா? இதற்கு விடை கண்டது சென்னை. 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம் சேத்துப்பட்டில் இருக்கிறது. அந்த நிலையம் ஏற்கெனவே 1959-ல், காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுத்த அளவுக்குக் குணமாகும் என்று காட்டி உலகப் புகழ் பெற்றது. பின்னர் அங்கு, கால் செயலிழந்து போகாத முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனோடு ஆறு மாத மருந்து. இன்னொரு பிரிவுக்கு ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாவது பிரிவுக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் நடமாடிக்கொண்டே இருந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்துப் பார்த்த முடிவு 1999-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நலம். ஆறு மாத மருந்துக்காரர்களில் 94 பேர். ஒன்பது மாத மருந்துக்காரர்களில் 99 பேர்! மருந்தை ஒழுங்காக முடித்தவர்களுக்குக் கத்தி தேவைப்படவில்லை.

கத்தி எப்போது வேண்டும்?

ஆபரேஷனே கூடாது என்பதல்ல இதன் பொருள். சில அறிகுறிகள் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது. தொடை நடுவிலும் ஆசன வாயைச் சுற்றியும் மரத்துப்போவது. காலில் பலம் குறைந்து, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது - இவை கண்டால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கத்திதான் காலைக் காப்பாற்றும்.

கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலி - இவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இளவயதினருக்குக் காலையில் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாடினால் தளர்ந்தால், அது வேறு வகை வாத நோயாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

சயாடிகாவுக்கு அவசரப்பட்டு ஆபரேஷன் செய்யலாமா? நெதர்லாந்தில் 283 நோயாளிகளிடம் சோதித்து 2007-ல் முடிவு சொன்னார்கள். உடனே ஆபரேஷன் செய்யும் பிரிவில் இருந்தவர்களுக்கு வலி விரைவில் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்த பிரிவில் பத்தில் நால்வர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மீதி ஆறு பேருக்கு அது தேவைப்படவே இல்லை. ஆக, காலில் பலம் குறையாதவரை, சில வாரங்கள் பொறுத்துப் பார்ப்பதால் நஷ்டமில்லை.

வயலிலும் வீட்டிலும்

வந்த வலியை ஓட்டுவது ஒரு பாதி. வராமல் பார்ப்பது மறு பாதி. சுமையைத் தூக்கும்போது அதன் அருகே சென்று, முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகக் கூடாது. காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். பெரிய மூட்டைக்கு இரண்டு பேர் கை கொடுப்பது அவமானமல்ல.

நாற்று நடுகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்து நிற்கலாம். வேலை வாங்குகிறவர்கள் இதைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது. ஒற்றை நாற்று நடவில், நின்றபடியே உருட்டும் களைக்கருவி இருக்கிறது. குனிந்து களை எடுக்கும் பாடு குறைகிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடந்து வரலாம்.

திருவாமாத்தூர்க்காரர்கள் இதற்காகப் பட்டணம் போக வேண்டியதில்லை. 2010-ல் முண்டியம்பாக்கத்தில் திறந்த விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. ஆபரேஷன் என்று ஒரு டாக்டர் சொன்னால், இன்னொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேட்பது நோயாளியின் உரிமை. அடகுக் கடைக்குப் போகும் முன் அதைச் செய்ய வேண்டும்.

இரட்டையர் கதையில் ஒருவர் கண்ணாக இருந்தார். மற்றவர் காலாக இருந்தார். இடுப்பு வலிக்கும் அப்படித்தான். வழி காட்ட டாக்டர் இருக்கிறார். நடக்க வேண்டியவர் நோயாளி!